ஓப்பன்ஃபோம்: டென்சர் பயம் போச்சு, தூக்கமும் போச்சு

ப்ராஜெக்ட்டுக்கு சிஎஃப்டி (காத்து, தண்ணி ஓட்டத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) சாஃப்ட்வேர் வேணும், லைசென்ஸுக்குக் காசு கிடையாது, அதான் இலவசமா கிடைக்குற ஓப்பன்ஃபோமை இறக்குனேன். ஆறு மாசம் ஆச்சு. இது எனக்கு சிமுலேஷன் ஓட்டிக் குடுத்தத விட டென்சர்னா என்னனு புரிய வெச்சது தான் அதிகம், அதனால ரிவ்யூவும் அதப் பத்தி தான்.

கிளாஸ்ல "டென்சர்னா மேட்ரிக்ஸ் மாதிரி, பரீட்சைக்கு இவ்ளோ போதும்"னு தாண்டிப் போயிட்டாங்க. இங்க 2004லயே சோர்ஸ் கோடு மொத்தத்தையும் ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல திறந்து விட்டுட்டாங்க, டர்புலன்ஸ் (கொந்தளிப்பான ஓட்டம்) மாடல் ஃபைலத் திறந்தா சமன்பாடு நோட்டுல இருக்குற மாதிரியே கிடக்கு. வேகத்தோட கிரேடியன்ட் ஒரு டென்சர், வேகத்தோட மூணு கூறும் மூணு திசையில எப்படி மாறுதுனு ஒன்பது நம்பர். ரெய்னால்ட்ஸ் ஸ்ட்ரெஸுக்கு (கொந்தளிப்பால ஓட்டத்துல கூடுதலா வர்ற ஸ்ட்ரெஸ்) சிம்டென்சர்னு தனி டைப், அதுல ஆறு தான், ஏன்னா எக்ஸ்-ஒய்யும் ஒய்-எக்ஸும் ஒண்ணே. நோட்டுல எத்தன தடவ எழுதியும் மண்டைல ஏறாதது, ரிசல்ட் ஃபைல்ல செல்லுக்கு (ஓட்டத்த வெட்டின ஒவ்வொரு குட்டிக் கட்டத்துக்கும்) ஆறு ஆறா நம்பர் வரிசை கட்டி நின்னதப் பாத்ததும் ஏறிடுச்சு.

அடுத்து தான் மெயின் மேட்டர். ஓட்டத்தோட சமன்பாட்ட சராசரி எடுத்தா அந்த ஆறும் புதுசா வந்து உக்காருது, அதுக்குனு சமன்பாடு கிடையாது. 1877லயே பூசினெஸ்க், சுழல் எல்லாம் சேந்து கூடுதல் பிசுபிசுப்பு மாதிரி வேலை செய்யுதுனு வெச்சுக்கலாம்னு ஒரு வழி சொன்னார். (டீய ஆத்துறப்ப சர்க்கரை எவ்ளோ வேகமா கலக்குது, சும்மா வெச்சா கலக்குதா?) கே-எப்சிலான்ங்கற டர்புலன்ஸ் மாடல் அந்த வழி தான், கே (சுழலோட சக்தி) ஸ்கொயர வகுத்தல் எப்சிலான் (அது அழியுற வேகம்), பெருக்கல் 0.09, அதான் அந்தக் கூடுதல் பிசுபிசுப்பு, ஆறு நம்பர் பிரச்சனை ஒரே நம்பர்ல முடிஞ்சுது. முடிஞ்ச மாதிரி தெரியும், அவ்ளோதான்!

கூடவே வர்ற பிட்ஸ்டெய்லிங்கற மாதிரி கேஸ் (ஒரு படி தாண்டிப் போற ஓட்டம்) ஓட்டிப் பாருங்க, 12,225 செல் தான், சாதா லேப்டாப் போதும். படி தாண்டினதும் ஓட்டம் பிஞ்சு, தள்ளிப் போய் திரும்ப தரையில ஒட்டும். மாடல் பேர மட்டும் கே-ஒமேகா எஸ்எஸ்டினு இன்னொரு டர்புலன்ஸ் மாடலா மாத்தி, ஒமேகா ஃபைல் ஒண்ணு சேத்து ஓட்டினா ஒட்டுற இடமே நகருது. இதே மாதிரி படில 1985ல டிரைவர், சீக்மில்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்தப்ப படி உயரத்துக்கு சுமார் 6.26 மடங்கு தள்ளி ஒட்டுச்சு, சாதா கே-எப்சிலான் அதுக்கு முன்னாடியே ஒட்ட வெச்சிரும். மெஷ்ஷ (அந்த செல் வலைய) எவ்ளோ பொடி பண்ணாலும் சரியாகாது, ஏன்னா தப்பு மெஷ்ல இல்ல, அந்த ஒரே நம்பர்ல.

தூக்கம் போன கதை என் தப்பு தான். இதுல கிரேடியன்ட்டோட முதல் இன்டெக்ஸ் திசை, ரெண்டாவது தான் வேகம், நம்ம நோட்டுக்கு அப்படியே தலைகீழ். கே-எப்சிலானுக்கு சிமெட்ரிக் பாகம் (இன்டெக்ஸ மாத்திப் போட்டாலும் மாறாதது) மட்டும் போதும்ங்கறதால ஒண்ணும் தெரியல, நானா சுழற்சி டெர்ம் ஒண்ணு எழுதினப்ப ப்ளஸ் மைனஸாகி ரெண்டு ராத்திரி காலி.

மவுஸ்ல கிளிக் பண்ணி ஓட்டுற ஆளுங்களுக்கு இது சரிப்படாது, எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல், படம் பாக்க பாராவியூனு தனி சாஃப்ட்வேர். அப்புறம் ஃபவுண்டேஷன், இஎஸ்ஐனு ரெண்டு கிளை இருக்கு, கமாண்டே வேற வேற, யூட்யூப் வீடியோ எந்தக் கிளைக்குனு பாத்துட்டு ஆரம்பிங்க. அஞ்சுக்கு நாலு.