வேனுக்குள் ஃபிரிட்ஜ்: ஐஸ் பெட்டியா, வீட்டு ஃபிரிட்ஜா, 12 வோல்ட் கம்ப்ரஸரா?

வேனை உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்றுதான். லிட்டரைப் பிறகு பார்க்கலாம். மே மாதம் மதுரையில் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் மத்தியானம் இரண்டு மணிக்கு எவ்வளவு சூடு இருக்கும், ஒரு நாளைக்கு அந்தப் பெட்டி பேட்டரியிலிருந்து எவ்வளவு உறிஞ்சும், இந்த இரண்டையும் யோசிக்காமல் கடைக்குப் போனால் எனக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும்.

நான் முதலில் வாங்கியது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சின்னக் குளிர்பெட்டி. விலை குறைவு, ஒரு கையில் தூக்கிவிடலாம், கம்ப்ரஸர் கிடையாது. உள்ளே ஒரு பெல்டியர் சில்லும் (கரண்டு பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) மின்விசிறியும்தான். வெளிச்சூட்டைவிட 18 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. கொடைக்கானலில் பிரமாதமாக வேலை செய்தது. மணப்பாடு கடற்கரையில் வேனை நிறுத்திவிட்டு சாயங்காலம் திரும்பி வந்தால், தூக்குச்சட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு இட்லி மாவு பொங்கி வழிந்து, பக்கத்திலிருந்த தக்காளி, பால் பாக்கெட் எல்லாவற்றையும் பூசி வைத்திருந்தது. வேனுக்குள் 45 டிகிரி என்றால் பெட்டிக்குள் 25, மாவு புளிக்க அது போதாதா? சரி, கரண்டாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. வெயில் நாளில் இது ஓய்வே எடுக்காது. 4 ஆம்பியர் வீதம் 24 மணி நேரம் போட்டால் 96 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது, பேட்டரியின் கொள்ளளவை இதில்தான் சொல்வார்கள்), அதாவது 100 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று கிட்டத்தட்டக் காலி.

அப்புறம் வீட்டு ஃபிரிட்ஜ். ஹோட்டல் அறைகளில் இருக்குமே, 45, 50 லிட்டர் ஒற்றைக் கதவு, அது. இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. எந்த ஊரிலும் கிடைக்கும். கெட்டுப்போனால் எந்தத் தாலுகா தலைநகரத்திலும் ஒரு மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் ஓட்டுவதற்கு 230 வோல்ட் வேண்டும், அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும், இன்வெர்ட்டரின் சொந்தப் பசியைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 180 யூனிட் என்றிருந்தால் நாளுக்கு அரை யூனிட், 500 வாட் அவர். சும்மா ஆன் செய்து வைத்திருக்கவே 15 வாட் தின்கிற இன்வெர்ட்டர் அதன் மேல் 360 வாட் அவர் கூட்டும். போதாததற்கு கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், ஆகவே 100 வாட் பெட்டிக்குக்கூடச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

இன்னொன்று, கதவு. வீட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்து வைத்திருப்பது ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டை மட்டுமே. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் நண்பர் ஒருவர் அந்த மாதிரிப் பெட்டியோடு ஏறினார், முட்டைகள் எந்த வளைவு வரை தாங்கின என்று அவருக்கே தெரியவில்லை. கொக்கி வைத்தால் கதவு நிற்கும். ஆனால் முன்பக்கம் திறக்கிற எந்தப் பெட்டியிலும் திறந்ததும் குளிர்காற்று காலடியில் கொட்டிவிடும்.

கம்ப்ரஸர் இல்லாமல் கேஸ் சுடரின் சூட்டிலேயே ஓடும் அப்ஸார்ப்ஷன் ஃபிரிட்ஜ் பற்றியும் கேட்கிறார்கள். 1922-ல் ஸ்வீடனில் இரண்டு பொறியியல் மாணவர்கள் கண்டுபிடித்தது, சத்தமே போடாது, ஐரோப்பிய கேரவன்களில் காலங்காலமாக இருக்கிறது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும், எரிகிற சுடருக்குப் புகைபோக்கி வேண்டும், வெளியே 35 டிகிரி தாண்டினால் திணறும். நம் வெயிலுக்கு இது சரிவராது, அவ்வளவுதான்.

இப்போது என் வேனில் இருப்பது மேல்மூடி திறக்கிற 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டி. விலையைக் கேட்டால் வயிறு எரியும், அந்தக் காசுக்கு வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று வாங்கலாம். ஓடும்போது சுமார் 45 வாட். கடும் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் 540 வாட் அவர், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் அவர். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் அதைவிடக் கூடுதலாகவே வந்துவிடும், எந்த வெயில் இம்சிக்கிறதோ அதுவே கரண்டும் கொடுக்கிறது. பேட்டரி இறங்கினால் தானே அணைந்துகொள்ளும் வசதியும் உண்டு.

அந்த வசதிதான் என்னை ஒரு வாரம் படுத்தியது. பேட்டரி நிறைந்திருக்கும், பெட்டி மட்டும் எரர் விளக்கைச் சிமிட்டிவிட்டு நின்றுவிடும். கடைசியில் பார்த்தால் குற்றவாளி வயர். வேன் வேலை செய்தவர் 1 ஸ்கொயர் வயரை (உள்ளிருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்) ஐந்து மீட்டர் இழுத்திருந்தார். போக வர பத்து மீட்டர், 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.9 வோல்ட் காணாமல் போகிறது, பெட்டியோ பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. 4 ஸ்கொயர் போட்டு, லைட்டர் சாக்கெட்டைத் தூக்கிவிட்டு, ஃபியூஸ் வைத்து நேராக இணைத்ததும் சரியானது. ஒரு குறை மட்டும் இன்னும் பாக்கி: இதன் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டால் தென்காசியில் யாரும் மாற்றித்தர மாட்டார்கள், கூரியருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மாதம் ஒரு சனி ஞாயிறு மட்டும் கிளம்புகிறவரா? அப்படியானால் இதெல்லாம் வேண்டாம், தடிமனான ஐஸ் பெட்டி போதும். 10 கிலோ ஐஸ் உருகி முடிவதற்குள் ஏறக்குறைய 930 வாட் அவர் வெப்பத்தை விழுங்கும், பேட்டரியே இல்லாமல். கடலோர ஊர் என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் சுலபமாகக் கிடைக்கும். மூன்றாம் நாள் உள்ளே தண்ணீர்தான் இருக்கும், அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

லிட்டர் கேட்டீர்களே, இரண்டு பேருக்கு 35, 40 போதும். வாங்கும் முன் உள்ளுயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கம்ப்ரஸர் இருக்கும் பக்கம் உள்ளே ஒரு மேடை மாதிரி எழும்பியிருக்கும், என் தூக்குச்சட்டி அதன் மேல் நிற்காது.