டோபாவா ப்ரோமோவா, சாட்டிலைட்ல முதல்ல எதைப் பாக்கலாம்?

மேப்ல எரிமலை தேட ஆரம்பிச்சவங்க பாதி பேர் இதுலதான் குழம்புறாங்க. ரெண்டுமே இந்தோனேசியா எரிமலைதான் (டோபா சுமத்ரா தீவுல, ப்ரோமோ ஜாவா தீவுல), ஆனா ஆளே வேற.

சைஸ்
டோபா: சுமார் 100 கிமீ நீளம், 30 கிமீ அகலம். ஏரின்னுதான் தோணும், எரிமலைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க.
ப்ரோமோ: சுத்தி இருக்கிற மணல் வெளி (மணல் கடல்னு சொல்வாங்க) கிட்டத்தட்ட 10 கிமீ அகலம், ஒரே ஸ்கிரீன்ல அடங்கிடும்.

உருவான விதம்
டோபா: சுமார் 74,000 வருஷம் முன்னாடி வெடிச்சு, அடியில இருந்த மாக்மா (உருகின பாறைக் குழம்பு) வெளிய கொட்டினதும் மேல்தரை அப்படியே உள்ள இறங்கிடுச்சு, அதுல தண்ணி நிரம்பி, அப்புறம் கீழ இருந்து திரும்ப அழுத்தம் வந்து ஏரித் தரையையே தூக்கி விட்டதுதான் நடுவுல இருக்கிற சமோசிர் தீவு. அந்த சாம்பல் ஆந்திரா ஜ்வாலாபுரத்துல இன்னும் கிடக்கு, யோசிச்சுப் பாருங்க!
ப்ரோமோ: இங்கயும் தரை இறங்கின குழிதான், ஆனா உள்ள குட்டிக் குட்டியா கூம்பு முளைச்சிருக்கு. பக்கத்துல இருக்கிற பாடோக்ங்கிற கூம்ப ஸூம் பண்ணுங்க, மழை அரிச்சு அரிச்சு மடிப்பு வச்ச பாவாடை மாதிரி இருக்கும். ப்ரோமோ வாய்ல வெள்ளையா ஆவி.

மேகம்: ரெண்டும் தொல்லைதான், ஜாவால மழை இல்லாத மாசத்து படம் எடுத்தா ப்ரோமோ பளிச்னு கிடைக்கும்.

புதுசா பாக்குறவங்க, புள்ளைங்களுக்கு காட்டணும்னா கண்ண மூடிட்டு ப்ரோமோ, அப்படியே தெக்கால இறங்கினா 3,676 மீட்டர் செமெருவும் போனஸ். பெரிய வெடிப்பு எவ்ளோ பெரிய பள்ளம் போடும்னு பாக்கணும்னா டோபா.