ஏடபிள்யூஸ்டாட்ஸ்: பயனரைக் காட்டும், அவர் வருகையை எண்ணாது

பதிவு செய்துகொண்ட பயனர்களில் உண்மையிலேயே திரும்ப வருகிறவர்கள் யார் என்பதை, பக்கங்களில் எந்தக் கண்காணிப்பு நிரலையும் சேர்க்காமல், தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் வரி வரியாகக் குறித்து வைக்கும் லாக் கோப்பை மட்டும் கொண்டு அறிய விரும்பியே, அந்தக் கோப்பைப் படித்து அறிக்கை தரும் ஏடபிள்யூஸ்டாட்ஸை (AWStats) நிறுவினேன். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட இந்தத் திறமூல மென்பொருள் 2000 ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் உள்ளது.

இதற்கென்றே அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆனால் இயல்பாக அது மறைக்கப்பட்டிருக்கும். அமைவுக் கோப்பில் 'ஷோஆதென்டிகேட்டட்யூசர்ஸ்' என்ற வரியில் உள்ள 0-ஐ நீக்கிவிட்டு அட்டவணையின் நெடுவரிசைகளுக்குரிய எழுத்துகளை இட்டால், ஒவ்வொரு பயனரும் பார்த்த பக்கங்கள், அனுப்பிய கோரிக்கைகள், பெற்ற தரவின் அளவு, கடைசியாக வந்த நேரம் ஆகியவை வரிசையாக வந்துவிடும். ஓய்ந்துபோன கணக்குகளைக் கண்டறிய அந்தக் கடைசி நெடுவரிசை ஒன்றே எனக்குப் பேருதவியாக இருக்கிறது.

ஆனால் லாக்கில் இல்லாத பெயரை எந்த மென்பொருளாலும் காட்ட முடியாது. அப்பாச்சி என்ற வலை சர்வரின் 'கம்பைண்டு' லாக் வடிவத்தில் ஒரு வரியைப் பாருங்கள்: முதலில் ஐபி முகவரி, அடுத்து பெரும்பாலும் ஒரு சிறுகோடு, மூன்றாவதாகப் பயனர் பெயர், அதன்பின் சதுர அடைப்புக்குள் நேரம். அந்த மூன்றாம் இடம் எச்டிடிபி அங்கீகாரத்தின் (சர்வரே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முறை) வழியே நுழைந்தவர்களுக்கு மட்டுமே நிரம்பும்; லாகின் படிவமும் குக்கியும் கொண்ட தளங்களில் அங்கும் சிறுகோடுதான் நிற்கும். என் தளம் இரண்டாவது வகை என்பதால் முதல் அறிக்கையில் பட்டியல் காலியாகவே வந்தது. பிறகு, பயனரின் உள் எண்ணைச் தளத்தின் செயலி ஒரு மறுமொழித் தலைப்பில் (பதிலோடு செல்லும் கூடுதல் தகவல் வரி) அனுப்ப, அதை மூன்றாம் இடத்தில் எழுதுமாறு லாக் வடிவத்தை மாற்றினேன். மின்னஞ்சல் முகவரியை அங்கே எழுதவே கூடாது. லாக் கோப்புகள் காப்புப் பிரதிகளில் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு பெருங்குறை இருக்கிறது. இந்த மென்பொருள் 'வருகை' என்பதை ஐபி முகவரியையும் ஒரு மணி நேர இடைவெளியையும் வைத்தே கணிக்கிறது. ஒரே இணைப்பின் பின்னாலிருந்து ஒரே நேரத்தில் பத்துப் பேர் நுழைந்தால் அது ஒரே வருகை. ஒருவரே வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இரண்டு வருகையாளர்கள். பயனர் அட்டவணையிலோ வருகை எண்ணிக்கைக்கு நெடுவரிசையே கிடையாது. அதற்காக, ஒரே பயனர் எண்ணின் இரு கோரிக்கைகளுக்கு இடையே 30 நிமிடம் கடந்தால் புது வருகை என்று எண்ணும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைத் தனியே எழுதிக்கொண்டேன்.

நுழைவு மறுக்கப்பட்டு 401 என்ற பிழை எண் பெற்ற கோரிக்கைகளை ஏடபிள்யூஸ்டாட்ஸ் பயனர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மிகச் சரியான முடிவு. பழைய லாக்குகளை ஏற்றுகிறவர்கள் மட்டும் மிகப் பழையதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே படித்த நேரத்துக்கு முந்தைய வரிகளை இது ஒதுக்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும் 'பழைய பதிவுகள்' என்று அது அச்சிடும் எண்ணை அவசியம் பாருங்கள்; அப்படி ஒதுக்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கை அதுதான்.