பழைய அப்பர் தாம்சன் சாலையில் ஒரு நடை: 25 வெள்ளிக்குத் தகுமா?

ஞாயிறு காலை 7 மணிக்குச் சிங்கப்பூரின் ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கூடச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு 25 வெள்ளி, இரண்டு மணி நேரம், பழைய கிராண்ட் பிரீ கார் பந்தயப் பாதையை நடக்கவைத்தே காட்டுவார்கள். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம்.

நான் போனது அப்பாவுக்காக. நேவல் பேஸில், அதாவது கடற்படைத் தளத்தில், வேலை பார்த்தவர். 1961-இல் நடந்த முதல் பந்தயத்தை மண்மேட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்ணோடு வீட்டுக்கு வந்து பாட்டியிடம் ஏச்சு வாங்கிய கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி சின்னப் பையன், நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தான். 1959-இல் தன்னாட்சி கிடைத்தும் சிங்கப்பூர் அப்போதும் பிரிட்டிஷ் காலனிதான், சுற்றுலாப் பயணிகளை இழுக்க 'ஓரியண்ட் இயர்' என்று ஆரம்பித்ததில் ஒன்றுதான் இந்தப் பந்தயம், ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் கார் ஓட்டிய இயன் பார்ன்வெல் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார் என்றெல்லாம் சொன்னான். 1962-இலிருந்து 1965 வரை அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயராம். சரி. ஆனால் நாங்கள் 28 பேர், அவன் இடுப்பில் ஒரே ஒரு குட்டி ஸ்பீக்கர். பின்னால் நின்றவர்களுக்குச் சில்வண்டுதான் கேட்டது. 1961-க்கு முந்தைய பந்தயக் காலமும் ஒரே வரியில் முடிந்துவிட்டது: கேப் மேட்டுச் சாலையில் ஒவ்வொரு வண்டியாக ஏறவிட்டு நேரம் குறித்தது, 1940-இல் ஜொகூர் பாரு தெருக்களில் நடந்த கிராண்ட் பிரீ, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றி மூச்சே இல்லை. அப்பாவுக்கு உயிரே மோட்டார் சைக்கிள்தான்.

காசு செரித்த இடம் 'ஸ்நேக்ஸ்'. நான்கு வளைவுகள், பாம்பு நெளிகிற மாதிரி. அவை முடிகிற இடத்தில் 'டெவில்ஸ் பெண்ட்'. வளைவின் உள்பக்கம் நின்று பார்த்தேன். எதிரே மரம், மரத்தடியில் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), அதற்கப்பால் சாலை எங்கே திரும்புகிறது என்றே தெரியவில்லை. அன்றைக்கும் இது சாதாரணப் பொதுச்சாலைதான். விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், கால்வாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் கார்கள் பறந்தன. கடைசியாகப் பந்தயம் நடந்த 1972, 1973 இரண்டு ஆண்டும் ஓட்டுநர்கள் இறந்தார்கள். நடந்து போகும்போதே அந்த வளைவில் என் கால் தானாக மெதுவானது. வழிகாட்டியோ படம் எடுக்கிற இடத்துக்கு எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் அவனை ஒரு விஷயத்துக்காக மன்னித்துவிட்டேன். "பந்தயம் என்றால் விளக்கெண்ணெய் வாடைதான்" என்று அப்பா சொல்வார். கிழவர் எதையோ குழப்பிக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த ஆயிலைத்தான் பலர் ஊற்றினார்களாம், அது எரிகிற வாடை மைதானம் முழுக்க நிற்குமாம். பாட்டி மாதம் ஒரு முறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே சரக்கு!

அப்பா சொன்ன 'ஹம்ப்' மேடு, வண்டிகள் தரையை விட்டு எழும்பிய இடம், இன்று பெரிய சாலையில் இருக்கிறது. பஸ்ஸும் லோரியும் போகிற இரைச்சலில் தூரத்திலிருந்து கையைக் காட்டியதோடு சரி. அதைக் குறை சொல்ல முடியாது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். பழைய சாலையில் ஒரு தடம் இப்போது நடப்பவர்களுக்கே விட்டிருக்கிறார்கள், நீங்களே இலவசமாக நடந்து வரலாம். கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் கையில் வேண்டாம். நடந்து முடித்துப் பசியாறலாம் என்று நான் கொண்டுபோன இரண்டு பன்னும் டெவில்ஸ் பெண்ட் தாண்டுவதற்குள் குரங்குக்குப் போய்விட்டன.