பழைய தளத்திலிருந்து மாம்பழப் படங்களை மீட்டுத் தந்த பிளேரைட்

எங்கள் மாங்கன்று நர்சரி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரில் இருக்கிறது. கன்று வாங்க வருகிறவர் கண்ணில் படுவது ஒன்றரை அடி ஒட்டுச்செடி மட்டும்தான். அது செந்தூராவா, பங்கனப்பள்ளியா என்று இலையை வைத்து எத்தனை பேரால் சொல்ல முடியும்? பழத்தையும் தாய்மரத்தையும் படத்தில்தான் காட்டியாக வேண்டும். அப்பா பருவத்துக்குப் பருவம் எடுத்த படங்கள் எங்கள் பழைய வலைத்தளத்தில் மட்டுமே இருந்தன. அதைச் செய்து கொடுத்தவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை, பாஸ்வேர்டும் நம் கையில் இல்லை. ஒவ்வொரு படமாக ரைட் கிளிக் செய்து சேமிக்கிற வேலையா அது? அதனால்தான் பிளேரைட்டை எடுத்தேன்.

மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட இலவசக் கருவி இது. வலைத்தளங்களைச் சோதித்துப் பார்க்க உருவாக்கினார்கள். குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் என்ற மூன்று வகை பிரவுசர்களையும், நாம் எழுதும் கட்டளைகள் (ஸ்கிரிப்ட்) சொல்கிறபடி இயக்கும். நான் அதைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதினேன்.

கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, இதேபோல் பிரவுசரை இயக்கும் செலினியம் என்ற கருவி. அதில் வழக்கமாகப் பக்கத்தின் நிரலில் படத்தைக் குறிக்கும் இமேஜ் டேக்குகளைத் தேடி, முகவரிகளை எடுத்து, படங்களைத் தனியாக இறக்க வேண்டும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டில் பின்னணியாக வைத்த படங்கள் அந்தத் தேடலில் சிக்காது. பிளேரைட்டில், பக்கத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு கோப்பையும் வரும்போதே கவனிக்கலாம். வகை படம் என்றால் அப்படியே டிஸ்க்கில் எழுதிவிடலாம். பின்னணியில் கிடந்த மல்கோவா படமும் இப்படித்தான் கிடைத்தது. இந்த ஒன்றுக்காகவே நான் இதன் பக்கம். வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் (ரீடைரக்ட்) பதில்களை மட்டும் ஸ்கிரிப்ட்டில் ஒதுக்கிவிடுங்கள், அவற்றைப் படிக்கப் போனால் பிழை வரும்.

கீழே உருட்டினால்தான் படம் வரும் பக்கங்களில் கருவி தானாக எதுவும் செய்யாது. மவுஸ் வீலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நடுவில் நிற்கச் சொல்லி எழுத வேண்டும். அப்புறம் அளவு. ஒரே படத்துக்குப் பல அளவுகள் வைத்திருக்கும் தளத்தில், திரைக்குப் பொருந்துவதைத்தான் பிரவுசர் கேட்டு வாங்கும். திரை அகலத்தைக் கூட்டி, ஸ்கேலை (திரையின் பிக்சல் அடர்த்தியை) இரண்டாக வைத்ததும் இமாம் பசந்த் படம் ஃபிளெக்ஸில் போடும் அளவுக்குத் தெளிவாக வந்தது. கோப்புகள் வெப்பி (WebP) என்ற பட வடிவில் வந்தால், பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ என்ற நூலகம் கொண்டு ஜேபெக்காக மாற்றிவிடுங்கள். பழைய ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் ஃபிளெக்ஸ் கடைகளில் வெப்பி திறக்காது.

குறை இல்லாமல் இல்லை. பிரவுசர்களைத் தனியாக இறக்க வேண்டும், அது நூற்றுக்கணக்கான எம்பி. மொபைல் டேட்டாவில் செய்கிறவர்கள் குரோமியம் மட்டும் போட்டுக்கொண்டால் போதும். ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் முதலாவது அழிந்துவிடாமல் பெயரிடுவதும் நம் பொறுப்பு. பைத்தான் அடிப்படை கொஞ்சமாவது தெரியாதவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஐந்துக்கு நான்கு.

பக்கத்து நர்சரி அண்ணன், இன்னொருவர் தளத்திலிருந்து அல்போன்சா படங்களை இப்படி எடுத்துத் தரச் சொன்னார். முடியாது என்றேன். வேறொருவர் மரத்துப் பழத்தைக் காட்டி நம் கன்றை விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது, படம் எடுத்தவருக்கும் செய்கிற அநியாயம். சொந்தப் பக்கத்தை மீட்க வேண்டும் என்று யார் வந்தாலும் ஸ்கிரிப்ட்டைக் காசு வாங்காமல் தருகிறேன்.