இம்பல்ஸ்ல ஆரம்பிச்சு எக்ஸ்பல்ஸ் வரைக்கும்: மலை மண்ணுல 73,000 கிலோமீட்டர்

ஆஃப் ரோடு வண்டி வாங்கணும், எது வாங்கலாம்னு யாராச்சும் கேட்டா நான் சிசி, ஹெச்பி எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிடுவேன், முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஆளில்லாத எடத்துல கீழ போட்டா உன்னால தனியா தூக்க முடியுமா? இந்த ஒரு கேள்விய வச்சுத்தான் என்கிட்ட இருந்த மூணு வண்டியப் பத்தியும் எழுதப் போறேன்.

எனக்கு சேந்தமங்கலம் பக்கம். மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி விக்கிற தொழில். வாரத்துக்கு மூணு நாலு நாள் கொல்லிமலை ஏறணும். காரவள்ளில இருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு, அது நல்ல தார் ரோடு, எந்த வண்டியும் ஏறிடும். பிரச்சனை மேல போனப்புறம் தான். மெயின் ரோட்ட விட்டு குக்கிராமத்துக்குள்ள இறங்குனா செம்மண், உருண்டை கல்லு, மழை அரிச்ச வாய்க்கால் மாதிரி பாதை. ஐப்பசி கார்த்திகைல அந்த செம்மண்ணு சோப்பு போட்ட மாதிரி ஆயிடும்.

முதல் வண்டி எங்க மாமாவோட இம்பல்ஸ். 2011ல ஹோண்டாவ விட்டுப் பிரிஞ்சு ஹீரோ மோட்டோகார்ப்னு பேரு மாத்தின புதுசுல விட்ட வண்டி அது, பிரேசில்ல ஓடிட்டு இருந்த ஹோண்டா என்எக்ஸ்ஆர் 150 ப்ரோஸ அடிப்படையா வச்சு பண்ணது. 150 சிசி, 13 ஹெச்பி, முன்னாடி 19 இன்ச் பின்னாடி 17 இன்ச் வீல், எடை 134 கிலோ. அப்போ நம்ம ஊர்ல இந்த மாதிரி உசரமா, சஸ்பென்ஷன் நீளமா ஒரு வண்டி நிறைய பேரு பாத்ததே இல்ல, பெட்ரோல் பங்க்ல நிறுத்தினா வெளிநாட்டு வண்டியான்னு கேப்பாங்க. மண்ணுல ஓட்ட நான் கத்துக்கிட்டதே அதுலதான். மாமா பின்னாடி உக்காந்துட்டு "பிரேக்க விடுறா மாப்ள, வண்டி அதா போகும்"னு கத்துவாரு. ஏத்தத்துல மூட்டையோட ஏறும்போது பவர் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்னு தோணும், ஆனா விழுந்தா ஒரு கைல ஹேண்டில், ஒரு கைல பின்னாடி கம்பி, தூக்கிடலாம். அவ்வளவு லேசு. விக்கிறது குறைஞ்சு ஒரு கட்டத்துல கம்பெனி நிறுத்திட்டாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

அப்புறம் 2017ல இத்தாலி மிலான்ல நடந்த இஐசிஎம்ஏ பைக் ஷோல எக்ஸ்பல்ஸ் 200 காட்டினாங்க, 2019 மே மாசம் விலை சொன்னாங்க. கார்புரேட்டர் வண்டி 97,000, எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி 1,05,000. நான் ஆகஸ்ட்ல எஃப்ஐ எடுத்தேன். கீழ வெயில்லயும் மேல ஆயிரம் மீட்டருக்கு மேல பனிலயும் ஒரே நாள்ல ஓட்டுறவன், காலைல சோக் இழுத்துட்டு நிக்க வேணாமேன்னுதான்.

இம்பல்ஸ்ல இருந்து இதுக்கு மாறினவங்களுக்கு முதல்ல தெரியுற வித்தியாசம் முன்னாடி வீல். 21 இன்ச். சின்ன வீல் கல்லுல மோதும், பெரிய வீல் கல்லு மேல ஏறிப் போகும், அவ்வளவுதான் விஷயம். 19ல தடுக்குன அதே பாதைல 21 உருண்டு போறத ஒரு தடவ கைல உணர்ந்தா திரும்பிப் போக மனசு வராது. முன்னாடி சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் இறங்கும், பின்னாடி 170. பின்னாடி மோனோஷாக்குல பத்து படி அட்ஜஸ்ட்மெண்ட் இருக்கு, 30 கிலோ மிளகு மூட்டை கட்டுற அன்னைக்கு நாலஞ்சு படி ஏத்திக்குவேன், இறங்கி வந்ததும் குறைச்சிடுவேன். இத நிறைய பேரு தொடுறதே இல்ல, வாங்கினப்ப இருந்த மாதிரியே வருஷக்கணக்கா ஓட்டுறாங்க, தயவுசெஞ்சு தொடுங்க.

பவர் 18 ஹெச்பி சொச்சம், அஞ்சு கியர். ஹைவேல நான் 80ல போவேன், அந்த வேகத்துக்குன்னு செஞ்ச வண்டி. சென்னைக்கு அடிக்கடி போறவங்க வேற வண்டி பாருங்க. மைலேஜ் எனக்கு மலை ஏறி இறங்கி 38ல இருந்து 40, டேங்க் 13 லிட்டர்.

எடை 154 கிலோ. இம்பல்ஸ விட 20 கிலோ கூட. இந்த 20 கிலோ என்னன்னு எனக்குப் புரிஞ்சது 2020 ஐப்பசில. சாயங்காலம் அஞ்சரை மணி, மழை விட்டு அரை மணி நேரம் ஆயிருக்கும், ஒரு கிராமத்துல இருந்து மேடு ஏறி வரேன், பின் வீல் வழுக்கி வண்டி சைடு பள்ளத்துக்குள்ள படுத்துடுச்சு, எனக்கு முழங்கால்ல சிராய்ப்பு மட்டும்தான் ஆனா போன்ல சிக்னல் இல்ல, அந்த வழில யாரும் வரப் போறதும் இல்ல. முதல்ல நேரா நின்னு ஹேண்டில புடிச்சு இழுத்தேன், அசையவே இல்ல. அப்புறம் மூச்சு வாங்கிட்டு மாமா சொல்லிக் குடுத்த மாதிரி பண்ணேன். இஞ்சின நிறுத்துற கில் சுவிட்ச் ஆஃப், முதல் கியர் போட்டுக்கணும், வண்டி உருளாது. ஹேண்டில தரைப் பக்கமா முழுசா திருப்பிட்டு, சீட்டுக்கு முதுகு காட்டி உக்காந்து, ஒரு கைல ஹேண்டில் இன்னொரு கைல பின்னாடி கேரியர் புடிச்சு, முதுக வளைக்காம கால ஊனி பின்னாடியே நடக்கணும். மூணாவது தடவ எந்திரிச்சிடுச்சு. அன்னைக்கு அது 200 கிலோ வண்டியா இருந்திருந்தா விடியற வரைக்கும் அங்கயே இருந்திருப்பேன். அதுக்கப்புறம் எடைதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல.

2020ல பிஎஸ் 6 புகை விதி வந்தப்ப ஆயில் கூலர் வச்சாங்க, பவர் கொஞ்சம் குறைஞ்சது. அதே வருஷம் ரேலி கிட்டும் விட்டாங்க, தனியா வாங்கி மாட்டிக்கிற நீள சஸ்பென்ஷன் செட்டு, 38,000 ரூபா. முன்னாடி 250, பின்னாடி 220 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷன் இறங்குற தூரம்), ரெண்டு பக்கமும் முழுசா செட் பண்ணிக்கலாம். கூட்டாளி ஒருத்தர் மாட்டினார், ஓட்டிப் பாத்தேன், ஆசைதான், ஆனா வண்டி விலைல மூணுல ஒரு பங்கு கிட்ட கிட்டுக்கு குடுக்க என்கிட்ட அப்போ காசு இல்ல. 2021 அக்டோபர்ல 4 வால்வு ஹெட் வச்ச 4வி மாடல் வந்துச்சு, 19 ஹெச்பி. பேப்பர்ல ஒரு ஹெச்பி மாதிரி தெரியும், ஓட்டினா 80க்கு மேல இஞ்சின் இன்னும் இழுக்குது, அதிர்வு குறைவு. இருந்தும் அதுக்காக மட்டும் நான் வண்டி மாத்தல.

2023ல இதே 4விலயே ப்ரோன்னு ஒரு மாடல் வந்தப்ப கணக்கு மாறுச்சு. ரேலி கிட்டோட சஸ்பென்ஷன் கம்பெனிலயே மாட்டி வருது, சாதா 4விக்கும் ப்ரோவுக்கும் ஷோரூம் விலைல வித்தியாசம் ஏழாயிரம் சொச்சம்தான். மூணு வருஷம் முன்னாடி 38,000 குடுத்து மாட்டுன சமாச்சாரம்! எனக்குத் தெரிஞ்சு இந்த வண்டி வரலாறுலயே பெரிய மாற்றம் இதுதான், இஞ்சின்ல பண்ணது எல்லாம் எனக்கு இதுக்கு அடுத்தபடிதான். அந்த வருஷ கடைசில எடுத்துட்டேன்.

ப்ரோ பத்தி எல்லாரும் கேக்குறது சீட் உயரம். 891 மில்லிமீட்டர். நான் அஞ்சடி ஆறு அங்குலம், ரெண்டு காலும் தரைல படாது, ஒரு கால் நுனிதான் படும். நிக்கிறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் மேடுன்னு பாத்து, அந்தப் பக்கமா இடுப்ப சீட்ட விட்டு நகத்தி இறக்கி, காலை வைக்கணும். முதல் மாசம் மலை மேல செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தவே பயமா இருந்துச்சு, இப்ப யோசிக்கிறதே இல்ல. ஆனா என்னை விட உயரம் கம்மியா இருக்கறவங்க, அதுவும் பின்னாடி ஆள் உக்கார வச்சு டவுன்ல ஓட்டுறவங்க, சாதா 4வி எடுங்க, 825தான் அது, அவமானம் ஒண்ணும் இல்ல.

சஸ்பென்ஷன் செட்டிங்குக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. நீங்க ஏறி உக்காந்தா வண்டி எவ்வளவு இறங்குதுன்னு டேப் வச்சு அளக்கணும், மொத்த டிராவல்ல மூணுல ஒரு பங்கு இறங்கினா சரி. எனக்கு வந்தப்ப ரொம்ப விறைப்பா இருந்துச்சு, என் எடை 62 கிலோ. ப்ரீலோடு (ஸ்பிரிங்க முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவு) குறைச்சு, ரீபவுண்டு (அமுங்குன சஸ்பென்ஷன் திரும்பி எழும்புற வேகம்) ரெண்டு ரெண்டு கிளிக்கா மாத்தி மாத்தி ஒரே பாதைல எட்டு தடவ போயிட்டு வந்தேன், கல்லு மேல குதிக்கிறது நின்னு ஒட்டிப் போக ஆரம்பிச்சுது.

ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்குறது) விஷயமும் சொல்லணும். பழசுல முன் வீலுக்கு மட்டும் ஏபிஎஸ், எப்பவும் வேலை செய்யும். சரளைக்கல் இறக்கத்துல எந்த ஏபிஎஸ்ஸா இருந்தாலும் பிரேக்க விட்டு விட்டுப் புடிக்கும், நிக்கிற தூரம் கூடும், அதனால அப்போ எல்லாம் முதல் கியர்ல இஞ்சின் பிரேக்கிங்லதான் இறங்குவேன். புதுசுல ஏபிஎஸ்ஸுக்கு ரோடு, ஆஃப் ரோடு, ரேலின்னு மூணு மோடு. நான் மலைல ஆஃப் ரோடு மோடுலதான் வைப்பேன், ஏபிஎஸ் கம்மியா தலையிடும். மறுபடி தார் ரோட்டுக்கு வந்ததும் மாத்த மறந்துடாதீங்க, அந்த 70 வளைவும் மழைல இறங்குறது சாதாரணம் இல்ல.

செலவு, தேய்மானம். பழைய வண்டி 52,000, ப்ரோ 21,000 ஓடியிருக்கு. பழசுல 31,000ல கிளட்ச் பிளேட் மாத்தினேன், சேத்துல அரை கிளட்ச்லயே ஓட்டுன பழக்கத்துக்கு அது பலன், இப்போ முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு குறைச்சிருக்கேன், மெதுவா ஏறும்போது கிளட்ச தொட வேண்டியதே இல்ல. ஏர் ஃபில்டர் வெயில் காலத்துல 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ பாருங்க. ஸ்போக் வீல், டியூப் டயர்தான். காத்து முழுசா வச்சு மண்ணுல போனா வழுக்கும், 20 பிஎஸ்ஐ வரைக்கும் குறைப்பேன், அதுக்குக் கீழ போனா கல்லுல டியூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். டயர் லீவர் ரெண்டு, கை பம்ப், 21 இன்ச் டியூப் ஒண்ணு எப்பவும் பைல இருக்கும். ஒரே டியூப் போதும், அவசரத்துக்கு அதையே பின்னாடி 18லயும் மடிச்சுத் திணிச்சு வீடு வந்து சேரலாம், நான் ரெண்டு தடவ வந்திருக்கேன். ஸ்போக் மாசத்துக்கு ஒரு தடவ ஸ்க்ரூடிரைவர்ல தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கணும், சத்தம் மொத்தையா இருந்தா லூசு.

இன்னொன்னு, காப்புக்காட்டுக்குள்ள போய் ஓட்டாதீங்க. ஃபாரஸ்ட்காரங்க ஃபைன் போடுறதுக்காக சொல்லல. இங்க ஊரு பாதையே ஆயுசுக்கும் ஓட்டுற அளவு இருக்கு, அதுலயும் ஆடு மாடு, தலைச்சுமை தூக்கிட்டு வர்றவங்களப் பாத்தா நிறுத்தி வழி விட்டுட்டுப் போங்க.

2025ல எக்ஸ்பல்ஸ் 210 வந்தப்ப போய் ஓட்டிப் பாத்தேன். லிக்விட் கூல்டு, ஆறு கியர், 24 ஹெச்பி, கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் இஞ்சின் குடும்பம். ரோட்டுல உண்மையிலேயே வேற வண்டி, 100ல போகும்போது நிதானமா இருக்கு. முன்னாடி 210 பின்னாடி 205 டிராவல், சீட் 830, ரெண்டு வீலுக்கும் ஏபிஎஸ், ஊருக்கும் மலைக்கும் நடுவுல இருக்கிறவங்களுக்கு அருமையான வண்டி, வாங்குறவங்க தாராளமா வாங்குங்க. டாப் மாடல் எடை 170 கிலோ. 134ல ஆரம்பிச்சு 154, ப்ரோல 161, இப்ப இது. ரேடியேட்டருக்கு கல்லு படாம கார்டு வேற போடணும். டெஸ்ட் ரைடு முடிச்சு ஷோரூம் வாசல்ல நிறுத்தினப்ப என் கண்ணு முன்னாடி நின்னது அந்த ஐப்பசி சாயங்காலம்தான், எனக்கும் இப்ப 41 ஆகுது. இந்த இஞ்சின 150 கிலோவுக்குள்ள ஒரு வண்டில வச்சு, ப்ரோ சஸ்பென்ஷன் போட்டுக் குடுத்தாங்கன்னா அன்னைக்கே காசு கட்டிடுவேன்.

பழைய 2019 வண்டி விக்கல. மாமா பையன் காலேஜ் முடிச்சுட்டு என்கூட கொள்முதலுக்கு வரான், அவனுக்குக் குடுத்திருக்கேன். போன வாரம் சோளக்காட்டுல இருந்து இறங்குற மண் பாதைல கீழ போட்டுட்டான், நான் பின்னாடியே வந்து நின்னு பாத்துட்டு இருந்தேன், தூக்கப் போகல, ஹேண்டில திருப்பு, முதுகு காட்டி உக்காருன்னு மட்டும் சொன்னேன். ரெண்டாவது தடவையே தூக்கிட்டான்.