ஸ்பைக்கர்பாக்ஸ்: கரப்பான் காலில் நரம்பின் சத்தம்

பேக்யார்டு பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் நியூரான் ஸ்பைக்கர்பாக்ஸ், நரம்பின் மின்துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும் ஒரு சிறிய பெருக்கி. 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ஊசி, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். நரம்பியல் ஆய்வுக்கூடம் கட்ட வசதியில்லாத கல்லூரிக்கும் ஆறாம் படிவ வகுப்புக்கும் தாராளமாக வாங்கலாம்.

கரப்பானை ஐஸ் தண்ணீரில் அசைவு நிற்கும்வரை அமிழ்த்தி, பின்னங்காலை உடலை ஒட்டி வெட்டுங்கள். ஓர் ஊசி வெட்டுவாய்க்குப் பக்கத்தில், மற்றது தொடைப்பகுதியில். கால் முட்களின்மேல் மெல்ல ஊதினால், தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல் படபடவெனச் சத்தம் கேட்கும். உடனே கேட்காவிட்டால் ஊசியைப் பிடுங்க வேண்டாம். குளிர்ந்த நரம்பு துடிக்காது, சில நிமிடம் அறைச் சூட்டில் விடுங்கள். ஏர்கோன் அறையில் வெட்டுவாய் விரைவில் உலரும். சிறிது வாஸ்லின் தடவினால் தாங்கும்.

மருந்தடித்த வீட்டுக் கரப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம். பைரித்ராய்டு மருந்து நரம்பில் மின்துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்களைச் சரியாக மூட விடாது. ஊதாதபோதும் நரம்பு துடிக்கும், அல்லது அடங்கியே போகும். மாணவர் எடுக்கும் கணக்கெல்லாம் வீண். பல்லி, அரோவானா மீன்களுக்குத் தீனி விற்கும் கடையில் வளர்ப்புப் பூச்சி கேளுங்கள்.

அடுத்த தொல்லை இரைச்சல். நரம்பின் சமிக்ஞை மைக்ரோவோல்ட் அளவுதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் அதை எளிதில் மூழ்கடிக்கும். குழல்விளக்கை அணையுங்கள். பதிவுசெய்யும் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, சார்ஜரைக் கழற்றுங்கள். பல நேரம் சார்ஜர்தான் குற்றவாளி.

இதன் உண்மையான பலம், மின்சுற்றின் வரைபடம் எல்லாருக்கும் திறந்தே இருப்பது. வடிவமைத்தவர்களே 2012இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். பழுதான கருவியை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்கும் நிலையில்தான் வசதி குறைந்த நாடுகளின் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் முடங்குகின்றன. இதில் உள்ளவை ஏடி623, டிஎல்சி2272, எல்எம்386 போன்ற சாதாரணச் சில்லுகள். ஸ்பீக்கர் ஊமையானால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பிறகு ஸ்பீக்கரை இயக்கும் எல்எம்386 சில்லை. கோலாலம்பூரில் ஜாலான் பசார் உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள். சாலிடரிங் தெரிந்த மாணவரே மாற்றிவிடலாம். அந்தக் கைப்பழக்கம்தான் நாளை ஆய்வுக்கூடத்தை ஓட்டும்.

மூளை அலைகளுக்கு இது உதவாது. அவை பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸுக்குள் அடங்குபவை. இதன் வடிகட்டி அந்தத் தாழ்ந்த அலைகளை வெட்டிவிடும். அதற்கு அதே நிறுவனத்தின் ஹார்ட் அண்ட் பிரெய்ன் ஸ்பைக்கர்பாக்ஸைத் தனியாக வாங்க வேண்டும்.